முன்னொன்று பின்னொன்று: லீஃப் ஸ்பிரிங் கார்களில் பின் ஷாக் அப்சார்பர்களின் இடம், 1967–1969

1967 ஷெவர்லே கமாரோவில் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் அச்சுக்கு முன்னால் இருந்தன. 1968 மாடலில் வலப்பக்கத்து ஷாக் முன்னாலேயே நிற்க, இடப்பக்கத்தது அச்சுக்குப் பின்னால் போனது. சக்கரத் துள்ளலை அடக்கவே இந்த மாற்றம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி அடக்கியது என்பதில்தான் சிக்கல்.

பழைய கார்களை மீட்டமைப்போரிடையே நிலைபெற்றுவிட்ட விளக்கம் இது: முடுக்கும்போது அச்சுக்கூடு சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது, ஸ்பிரிங் பட்டை நெளிகிறது, முன்னும் பின்னும் நிற்கும் ஷாக்குகள் அந்தத் திருகலைத் தாங்கிப் பிடிக்கின்றன. கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதாலேயே பலர் இதை எடுத்தாண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் இது இரண்டு இடங்களில் உடைகிறது.

ஷாக் அப்சார்பர் வேகத்துக்கு மட்டுமே எதிர்விசை காட்டும். அச்சு திருகிய நிலையில் நின்றுவிட்டால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். அதன் பிறகு ஷாக் எங்கே இருந்தாலும் தாங்குவதற்கு அதனிடம் ஏதுமில்லை. திருகலைத் தாங்குவது பட்டையின் விறைப்புதான். இரண்டாவது, 1967 அமைப்பிலும் ஷாக்குகள் அச்சின் மையத்திலிருந்து தள்ளியே இருந்தன. கூடு திரும்பினால் அவையும் அமுங்கும், திருகலின் வேகத்தைக் குறைக்கும். அந்த வேலைக்காக ஒன்றைப் பின்னால் கொண்டுபோகத் தேவையே இல்லை.

பழைய விளக்கத்தின் சார்பாகச் சொல்லத்தக்க வலுவான சான்று ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1967-இல் ஆற்றல் மிகுந்த கமாரோக்களில் திருகலைத் தடுக்க அச்சின் வலப்பக்கம் ஒரு தடுப்புக்கோல் இருந்தது. 1968-இல் அது மறைந்தது. அப்படியானால் கோலின் வேலையை இடம் மாறிய ஷாக் ஏற்றுக்கொண்டதா? அதே ஆண்டில் ஆற்றல் மிகுந்த வகைகளில் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் நீக்கப்பட்டுப் பல பட்டை ஸ்பிரிங் வந்தது. கோலின் வாரிசு அதுதான். ஒற்றைப் பட்டையோடே தொடர்ந்த எளிய கமாரோக்களுக்கும் ஷாக் இடமாற்றம் கிடைத்தது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள் என்பது விளங்கும்.

துள்ளலின்போது அச்சு மேலும் கீழும் ஆடுகிறது. கூடவே முன்பின்னாகத் திரும்பியும் ஆடுகிறது. ஷாக்குகள் இரண்டும் முன்னால் இருந்தால் அவை உணர்வது இவ்விரு அசைவுகளின் கூட்டுத்தொகையை. ஒன்று மேலே போகையில் மற்றொன்று அந்தப் புள்ளியை அதே அளவு கீழே இறக்கினால் தொகை சுழியம். அச்சு வெறியோடு ஆடும்; ஷாக்குகள் அசையாமல் நிற்கும். முன்னொன்று பின்னொன்று என வைத்தால் ஒன்று கூட்டுத்தொகையை உணரும், மற்றது வேறுபாட்டை உணரும். இரண்டும் ஒரே நேரத்தில் சுழியமாக வேண்டுமானால் அச்சு ஆடாமலே இருக்க வேண்டும். இந்த இடமாற்றம் தந்தது கூடுதல் பலத்தை அல்ல. ஷாக்குகளின் கண்ணுக்குத் தப்பிய ஓர் அசைவை அது பிடித்துக் கொடுத்தது.

முழுமையாக அல்ல. அச்சுக்கு இடவலமாகச் சாயும் அசைவும் உண்டு. மூன்று அசைவுகளை இரண்டு ஷாக்குகளால் முழுவதும் ஆள முடியாது. ஏதோ ஒரு கலவை தப்பியே தீரும். புதிய அமைப்பில் தப்புவது திருகலும் சாய்வும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும் கலவை. இங்கேதான் இடமா வலமா என்ற தேர்வு பொருள் பெறுகிறது. முடுக்கும்போது கூட்டின் முன்முகம் எழும்புகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் எதிர்விசையால் வலச்சக்கரமும் எழ முயல்கிறது. வல ஷாக் முன்னால் இருந்தால் இவ்விரண்டு எழுச்சிகளும் அதில் கூடுகின்றன; இடப்பக்கம் பின்னால் நிற்கும் ஷாக்கில் இரண்டு இறக்கங்கள் கூடுகின்றன. இடத்தை மாற்றி வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்திருக்கும். 1967-இன் ஒற்றைக் கோலும் வலப்பக்கம் இருந்ததை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். அடித்தளத் தகட்டிலோ புகைபோக்கிக் குழாயின் வழியிலோ இடம் கிடைத்த பக்கம் அது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் போட்டியாளரான ஃபோர்டும் மஸ்டாங்கில் இடப்பக்கத்து ஷாக்கையே பின்னால் கொண்டுபோனது. இரண்டு வெவ்வேறு தளங்களில் ஒரே பக்கம் அமைந்ததை இட வசதி என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த மஸ்டாங் ஒரு அரிய சான்று. 1968 ஏப்ரலில் வெளிவந்த 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் நான்கு கியர் மேனுவல் வண்டிகளுக்கு மட்டுமே ஷாக் இடமாற்றம். அதே எஞ்சின் கொண்ட ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஷாக்குகள் பழையபடி. முறுக்குவிசையின் அளவுதான் காரணம் என்றால் இந்தப் பாகுபாடு எதற்கு? டார்க் கன்வெர்ட்டர் விசையை மெல்ல ஏற்றும். கிளட்சைச் சட்டென்று விட்டால் விசை அடியாக விழுந்து அதிர்வைத் தொடங்கிவைக்கும். ஃபோர்டு அஞ்சியது அதிர்வுக்குத்தான். 1969-இல் நான்கு கியர் மேனுவலோடு மட்டுமே விற்ற பாஸ் 302, பாஸ் 429 இரண்டிலும் இதே அமைப்பு தொடர்ந்தது.

ஷெவர்லேயைப் பார்த்து ஃபோர்டு செய்ததா என்ற கேள்விக்குக் கால வரிசை மட்டும் விடை தராது. 1968 கமாரோ 1967 இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது; கோப்ரா ஜெட் வந்தது அதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் பின்பு. அடித்தளத்தில் புதிய பிடிமானம் அமைக்க அந்த அவகாசம் போதும் என்று வாதிடலாம், போதாது என்றும் வாதிடலாம். ஒரே பக்கத்தைத் தேர்ந்தது கடன் வாங்கியதைக் காட்டலாம்; ஒரே இயற்பியல் இரு கூடங்களிலும் ஒரே விடையைத் தந்ததையும் காட்டலாம். ஷெவர்லே எல்லா வண்டிகளுக்கும் கொடுத்ததை ஃபோர்டு மேனுவல் வண்டிகளோடு நிறுத்திக்கொண்டதால், நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன்.