அரை டிக்கெட்

போன மாதம் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் போட்டுக் கொண்டிருந்தேன். ஏழு வயது மகளின் பெயரையும் வயதையும் தட்டியதும் திரையில் ஒரு கேள்வி. குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. "பாதியே போடுங்க, என்கூடப் படுத்துக்குவா" என்றாள் மனைவி. டில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு ராத்திரி. தூக்கத்தில் உதைக்கும் குழந்தையோடு ஒரே பெர்த்தில் படுத்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். முழு டிக்கெட்டே போட்டேன்.

இந்தக் கேள்வி ரொம்பப் பழையதல்ல. 2016 ஏப்ரல் 21-ல் தொடங்கியது. அதுவரை ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால் அரைக் கட்டணத்துக்கே முழு பெர்த் கிடைத்தது. 2023-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒருவர் கேட்க, வந்த பதிலில் இருந்த கணக்கு இது: ஏழு வருடத்தில் இந்த ஒரு மாற்றத்தால் ரயில்வேக்குக் கூடுதலாக வந்தது சுமார் 2,800 கோடி ரூபாய். அரைக் கட்டணம் கொடுத்துப் பெற்றோர் மடியில் போன குழந்தைகள் 3.6 கோடி. முழுக் கட்டணம் கொடுத்துத் தனி பெர்த்தில் போனவர்கள் 10 கோடிக்கும் மேல். படுக்க இடம் வேண்டுமென்றால் காசு கொடு என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் பக்கத்து ஊருக்குப் போகிறவனுக்கு இது உறைக்காது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, நமக்குத்தான் உறைக்கும்.

அரை டிக்கெட் என்றாலே வயதைப் பற்றிய சண்டைதான். அந்தச் சண்டையில் மாட்டியவர்களில் ஒருவர் ரவீந்திரநாத் தாகூர்! 1873-ல் அப்பா தேவேந்திரநாத்தோடு இமயமலைப் பக்கம் போகிறார். வயது பதினொன்று, பார்க்கக் கொஞ்சம் பெரிய பையன். ஏதோ ஒரு பெரிய ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் வந்து பையனை உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறார். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்துவிட்டார். பையனுக்குப் பன்னிரண்டு தாண்டவில்லையா என்று கேள்வி. இல்லை என்கிறார் அப்பா. அவர்கள் நம்பவில்லை, முழுக் கட்டணம் கேட்கிறார்கள். தேவேந்திரநாத் பேசாமல் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறை வந்ததும் அதை அப்படியே பிளாட்பாரத்தில் வீசினார். காசுக்காகப் பொய் சொல்வேன் என்று நினைத்தாயா என்ற கோபம். தாகூர் தன் வாழ்க்கை நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

பெரிய ஜமீன்தார் வீடு, வீச முடிந்தது. மற்றவர்கள் வயதைத்தான் குறைத்தார்கள். 1962-ல் கிஷோர் குமார், கையில் ரயில் காசு இல்லாமல் குழந்தை வேஷம் போட்டுக்கொண்டு ரயிலேறுவதையே கதையாக வைத்து 'ஹாஃப் டிக்கெட்' என்று ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள்.

நம்ம ஜனங்களுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. ஜி.டி. எக்ஸ்பிரஸ் 1929-ல் ஓடத் தொடங்கியபோது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை. ஏறக்குறைய 104 மணி நேரம்! அதில் கைக்குழந்தையோடு போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கும் இருபது வருடம் முன்பு, கீழ் வகுப்புப் பெட்டிகளில் கக்கூஸே கிடையாது. 1909-ல் அகில் சந்திர சென் என்றொரு பயணி, வழியில் ஒதுங்கிய நேரத்தில் ரயில் கிளம்பிவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்த கதையைத் தப்புத் தப்பான ஆங்கிலத்தில் புகாராக எழுதினார். எல்லோரும் படித்துச் சிரிக்கிறோம். அவர் தனியாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று போன அம்மாக்கள் யாரும் கடிதம் எழுதவில்லை.

எங்கள் காலத்தில் கக்கூஸ் இருந்தது, மெத்தைதான் இல்லை. மது தண்டவதே ரயில்வே மந்திரியாக இருந்த 1977-79 காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் பெர்த்துக்கு ஸ்பாஞ்ச் வர ஆரம்பித்தது. அதுவரை மரப்பலகை. அதனால் அம்மா தன் பழைய நூல் புடவையை எதிரெதிர் மேல் பெர்த்துகளின் சங்கிலியில் குறுக்கே கட்டித் தூளி போட்டுவிடுவாள். தம்பி அதில் தூங்குவான். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஆட்டிவிடக்கூடத் தேவையில்லை. ராத்திரி கக்கூஸுக்குப் போகிறவர்களெல்லாம் தூளிக்கடியில் குனிந்து போவார்கள். ஒருவர்கூட முணுமுணுத்ததாக ஞாபகமில்லை.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. 1956-ல் வந்த எல்.டி.சி. புண்ணியத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊர் போக ரயில் கட்டணம் சர்க்கார் கொடுக்கும். எல்.டி.சி. வருடத்தில் என் வயது சரியாக இருக்கும். 1979-ல் எனக்கு ஐந்து முடிந்திருந்தது, முறைப்படி அரை டிக்கெட். 1980-ல் சித்தப்பா கல்யாணம். கைக்காசு போட்டுப் போக வேண்டும். எனக்கு நாலரை வயதாகிவிட்டது.

அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "யாராவது கேட்டா நாலரைன்னு சொல்லணும், என்ன?" நானும் மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஆக்ரா தாண்டி டி.டி.ஆர். வந்தார். அப்பாவிடம் கேட்கவில்லை, குனிந்து என்னிடமே கேட்டார், ஹிந்தியில். அம்மா சொல்லிக் கொடுத்ததெல்லாம் தமிழில். ஹிந்தியில் வயதைக் கேட்பது என் பள்ளிக்கூடத்து டீச்சர் மட்டும்தான். "ச்சே ஸால்" என்றேன், கையைக் கட்டிக்கொண்டு.

டி.டி.ஆர். கத்தவில்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டணமும் அபராதமும் சேர்த்து அப்பா கொடுத்தார், மொய் எழுத வைத்திருந்த கவரிலிருந்து. மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்பூர் ஸ்டேஷனில் ஆரஞ்சுக்காரன் ஜன்னலுக்கே வந்து கூடையைத் தூக்கிக் காட்டினான். எப்போதும் ஒரு கூடை வாங்குவார். அன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

தாகூர் கதையைப் படித்தபோது எனக்கு முப்பது வயதிருக்கும். பிளாட்பாரத்தில் உருண்ட காசை விட, அப்பா எண்ணிய காசுதான் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இதுவரை நாங்கள் பேசியதில்லை.

இந்த முறை அப்பாவும் எங்களோடு வந்தார். டிக்கெட் பரிசோதகர் கையில் ஒரு சின்ன மெஷின். பெர்த் நம்பரைக் கேட்டார், மெஷினில் தட்டினார், அடுத்த பக்கம் போய்விட்டார். பேத்தியின் வயதை யாரும் கேட்கவில்லை. முழு டிக்கெட்தானே, கேட்கவும் காரணமில்லை. அப்பா சட்டைப் பையில் என்னவோ காகிதத்தைத் திரும்ப மடித்து வைப்பதைப் பார்த்தேன்.

"என்னப்பா அது?"

"பாப்பாவோட பர்த் சர்டிபிகேட். ஜெராக்ஸ்தான்."