ராபின் சிங்: எதிர்த்திசையில் வந்தவர்

19ஆம் நூற்றாண்டில் நம் காரைக்காலில் கப்பலேறிய கூலிகள் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம். பக்கத்து ஆங்கிலேயத் தீவான டிரினிடாடுக்கு வடநாட்டிலிருந்தும் ஆள் போனது. அந்த வம்சாவளியில் 1963இல் பிறந்த ராபின் சிங், இளவயதிலேயே சென்னைக்கு வந்துவிட்டார். 1987-88இல் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாட்டு அணியில் ஆடினார். இந்தியாவுக்காக ஆட டிரினிடாட் குடியுரிமையையும் விட்டார்.

1989 மார்ச்சில் முதல் ஒருநாள் ஆட்டம், அதுவும் டிரினிடாடின் தலைநகரிலேயே! இரண்டே ஆட்டம்தான். பிறகு ஏழு ஆண்டுகள் யாரும் கூப்பிடவில்லை. பதவி உயர்வுக்குக் காத்திருந்த எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு ஏழாண்டு பெரிதல்ல. ஆட்டக்காரருக்கு அது பாதி ஆயுள். 1996இல் மறுபடி எடுத்தபோது வயது 33.

அதற்கப்புறம்தான் மொத்தக் கணக்கு 136 ஆட்டங்களாயிற்று. 1998 ஜனவரியில் டாக்கா இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் 314ஐ விரட்டியபோது, மூன்றாவதாக இறங்கி 82 எடுத்தார். ஜனங்கள் கங்குலியின் 124ஐயும் கனிட்கரின் கடைசி பவுண்டரியையும் மட்டுமே சொல்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. உள்வட்டத்தில் பாய்ந்து விழுந்து அவர் தடுத்த ஓட்டங்களோ எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறவில்லை.

டெஸ்ட் ஒன்றே ஒன்று: அதே ஆண்டு அக்டோபரில், ஹராரேயில். ஜிம்பாப்வேயிடம் 61 ஓட்டங்களில் தோற்றோம்.