சாரலும் கூலியும்: குற்றாலத்து இலக்கியக் கூடல்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

போன சாரல் பருவத்தில் குற்றாலத்து விடுதி ஒன்றில் நடந்த கவிதை அமர்வுக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'நிலமும் மொழியும்' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். மத்தியானப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவள் என் சித்தி. சீசன் மூன்று மாதமும் குத்துக்கல்வலசையிலிருந்து விடுதிகளுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவள். "ஏல, நீ எங்க இங்க? என்னத்தப் பத்திப் பேச்சு?" என்றாள். "மலையப் பத்தி, சித்தி" என்றேன். "அதுல பேச என்ன இருக்கு? அன்னா நிக்கில்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சாயங்கால அமர்வில் எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றைக்கு விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

இந்தக் கூடல்களுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி', அவர் குற்றாலத்தில் குடியேறிய பிறகு இங்கேயும் தொடர்ந்தது. ராஜாஜி, கல்கி, நீதிபதி மகராஜன் என்று வந்து போனவர்களின் பட்டியல் பெரிது. கம்பன் பாடலை நிறுத்தி, திருப்பிச் சொல்லி, ஓசையில் நனைந்து கேட்கும் ஒரு வாசிப்பை டி.கே.சி. உண்டாக்கினார். தன் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று தள்ளவும் செய்தார். பண்டிதர்கள் கோபப்பட்டார்கள். 1954இல் அவர் மறையும்வரை ரசனையே அங்கே இறுதி அளவுகோல்.

அவரை மறுப்பது என் நோக்கமல்ல. தமிழ் எம்.ஏ. வகுப்பில் பதவுரையாகச் செத்துக்கிடந்த கம்பனை எனக்கு உயிரோடு காட்டியவை அவர் எழுத்துக்கள்தான். கேள்வி வேறு. அந்த ரசனைக்கு ஒரு வாசல் இருந்தது. அது யாருக்குத் திறந்தது? அந்தச் சபையில் ராஜாஜி விருந்தாளி. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததும் அவர் ஆட்சியில்தான், 1939இல். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனதே ஒரு போராட்டம். கோயில் கதவுக்கே இத்தனை பாடு என்றால், கவிதையின் கதவுக்குச் சட்டம் போடுவது யார்? வட்டத்தொட்டியில் யாரையும் தடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சமூக ஏற்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

3

1980களின் பிற்பகுதிக்குப் பிறகு கலாப்ரியா இங்கே நடத்திய கவிதைப் பட்டறைகள் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கலைத்தன. கூட்டியவர் வங்கி ஊழியர். வந்தவர்கள் சிறுபத்திரிகைக்காரர்கள். ரசனையின் இடத்தில் விவாதம் வந்தது, சண்டையும் வந்தது. மையம் இடம்பெயர்ந்தது என்றே சொல்லலாம். ஆனால் அடுப்படி இடம்பெயரவில்லை. அந்த நாட்களைப் பற்றி நான் வாசித்த நினைவுக்குறிப்புகளில் அருவி உண்டு, சாரல் உண்டு, விடிய விடியப் பேசியது உண்டு. சோறு வடித்தவர் இல்லை.

இது குற்றாலத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சோழமண்டலத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய ஓவியர் கிராமத்தில் கலைஞர்களே பத்திக் துணி முதலான கைவினைகளைச் செய்து விற்றுத் தங்கள் இருப்புக்கு வழி தேடினார்கள். உழைப்பு யாருடையது என்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. பிரான்சில் பார்பிசான் கிராமத்துக்குக் குடிபோன மில்லே, 1857இல் அறுத்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தார். அவர்களுக்குக் கூலி உயர்ந்துவிடவில்லைதான். ஆனால் படத்தைப் பார்க்கிறவன் அந்த முதுகுகளைத் தாண்டி நிலக்காட்சிக்குப் போய்விட முடியாது.

4

நம்மிடம் இதற்கும் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய 'குற்றாலக் குறவஞ்சி'. அதில் மலையைச் சொல்வது கவிராயர் அல்ல, குறத்தி சிங்கி. வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். சொன்னதற்கு நகைகள் வாங்கிக்கொள்கிறாள். தேடி வந்த சிங்கன் ஒவ்வொரு நகையாகக் காட்டி, இது ஏது, அது ஏது என்று துருவுகிறான். வேலை, கூலி, கூலி வாங்கிய பெண்மீது விழும் சந்தேகம் மூன்றும் அந்தச் சிற்றிலக்கியத்துக்குள்ளேயே கிடக்கின்றன. நாம் மலை வருணனையை மட்டும் பாடத்திட்டத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டோம்.

மறுபக்கமும் உண்டு. இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார், அது 'குறவஞ்சி மேடு' எனப்பட்டது என்பார்கள். பெயர் குறவஞ்சியுடையது, நிலம் கவிராயருடையது. பிரதிக்குள் பேசியவளுக்குப் பிரதிக்கு வெளியே ஒரு குழி நிலம்கூட இல்லை.

எனவே சாரலில் கூடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நானும்தான் போவேன். என் கோரிக்கை சின்னது. அடுத்த கூடலின் அறிக்கையில் பேசியவர்களின் பெயர்களோடு சமைத்தவர்களின் பெயர்களையும் போடுங்கள், அவர்கள் சம்மதித்தால். பந்தி முடிந்து அவர்கள் உட்காரும் நேரத்தில் ஓர் அமர்வை வையுங்கள். சித்தி வருவாளா தெரியாது. வந்து, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல நம் விமர்சனத்துக்குத் தெம்பு இருக்கிறதா?