பழைய காருக்குப் புதிய மூச்சு

டர்போ என்னும் சொல் இலத்தீன் மொழிக்குரியது. சுழல்காற்று, பம்பரம் என்னும் இருபொருளும் அம்மொழியில் அதற்கு உண்டு. கார்களின் பின்புறத்தே பொறிக்கப்பெற்ற அச்சொல்லைக் காணும் நம் மாணாக்கர் விரைவு என்னும் ஒரு பொருளையே கொள்வர். ஆசிரியர்கள் பம்பரத்தை நினைவூட்டுவாராயின், பொறியின் இயல்பும் ஒருவாறு விளங்கிவிடும்.

சுவிட்சர்லாந்துப் பொறியறிஞர் ஆல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் இதன் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்தில் எரிபொருள் எரிந்தபின் வெளியேறும் சூடான புகை வீணே கழிந்துபோகின்றது. அதன் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றினால், அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் புறக்காற்றை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றலும் பெருகும். கழித்துவிட்ட புகையைக் கொண்டே மூச்சு வாங்கும் உத்தி எனலாம். கப்பல்களும் ஆகாய விமானங்களும் இதனால் முன்னரே பயன்கொண்டன. விற்பனைக் கார்களில் 1962ஆம் ஆண்டு அமெரிக்காவிற்றான் இது முதலில் இடம்பெற்றது. அவற்றுள் ஒன்றாகிய ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் மறு ஆண்டே நின்றுபோயிற்று.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் போர்ஷ 911. 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் தோன்றியபோது அதன் பெயர் 901. நடுவே சுழியமுடைய மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை எனப் பிரெஞ்சு நிறுவனமாகிய பெஜோ வழக்காடவே, 911 ஆயிற்று. ஆறு உருளைகள், 1,991 கன செண்டிமீட்டர் கொள்ளளவு, 130 குதிரைத்திறன். இயந்திரமோ பின் அச்சுக்கும் பின்னே தொங்கியது. ஆகவே கனமெல்லாம் வாலில். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

பத்தாண்டு கழிந்தது. காரும் பழையதாயிற்று. அதற்குள் அந்நிறுவனம் 917 என்னும் பந்தய வண்டியில் டர்போவைப் பொருத்தி, 1972, 1973 ஆகிய ஈராண்டும் வட அமெரிக்கக் கேன்-ஆம் பந்தயத்தை வென்றது. அவ்வறிவே பின்னர் 911க்கு வந்தது. 1974இல் லெ மான் பந்தயத்திற்குச் சென்ற டர்போ 911இன் கொள்ளளவு 2,142 கன செண்டிமீட்டர். ஏன் இந்த விந்தையான எண்? பந்தய விதி மூன்று லிட்டரை எல்லையாக வகுத்தது. டர்போ பூட்டிய இயந்திரமாயின் அதன் அளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிடல் வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 2,998.8! கணக்காசிரியர் எவரும் மெச்சுவர். வான் லென்னப், முல்லர் இருவரும் ஓட்டிய அவ்வண்டி இரண்டாம் இடத்தைப் பெற்றது.

சாலைக்கு அதனைக் கொணர்வது வேறு காரியம். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. மேற்கு ஜெர்மனியில் அவ்வாண்டு இறுதியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார்கள் ஓடலாகாது எனத் தடை பிறந்தது. அதே ஆண்டு வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 1,672 வண்டிகளோடு முடிந்தது. அந்நிலையிலும் போர்ஷவின் தலைவர் எர்ன்ஸ்ட் பூர்மன் பின்வாங்கவில்லை. 1974இல் பாரிஸ் கண்காட்சியில் 911 டர்போ வைக்கப்பெற்றது. மூன்று லிட்டர், 260 குதிரைத்திறன். பழைய ஆற்றலுக்குச் சரியாக இருமடங்கு. பந்தயத்தில் அனுமதி பெற 400 வண்டிகள் செய்தாற் போதும். மூன்றாண்டுகளில் 2,800க்கு மேல் விற்றன. துணிவு என்பதா, சூதாட்டம் என்பதா? இரண்டும் கலந்தது என்றே யான் கருதுகின்றேன்.

ஆயினும் பழைய உடல் புதிய மூச்சை எளிதில் ஏற்கவில்லை. அழுத்திய காற்று சூடேறும். சூடேறினால் எரிபொருள் காலமல்லாக் காலத்தில் வெடித்து இயந்திரத்தைத் தாக்கும். அதனைத் தவிர்க்க உருளைக்குள் அமுக்கும் விகிதத்தை 6.5 ஆகக் குறைத்தனர். விளைவு? மெல்லச் செல்லுகையில் வண்டி சோம்பியிருக்கும். மிதியை மிதித்தாலும் புகை வலுப்பெற்றுச் சக்கரம் சுழலும்வரை ஒன்றும் நிகழாது. பின்னர் ஆற்றல் முழுதும் ஒருங்கே பாயும். இது வளைவில் நேர்ந்தால் ஓட்டுபவர் அஞ்சிக் காலை எடுத்துவிடுவார். எடுத்ததும் எடை முன்னே சாய, பின் சக்கரங்கள் பிடியிழக்க, கனத்த வால் வெளிப்புறம் வீசும். கைம்பெண்களை ஆக்கும் வண்டி என்று ஆங்கிலத்தில் இதற்கொரு கொடும்பெயர் வழங்கியது. குற்றம் டர்போவினுடையது மட்டுமன்று. 1963ஆம் ஆண்டின் அமைப்பும் அதற்குப் பங்காளியே.

திருத்தங்கள் மெல்ல வந்தன. 1978ஆம் ஆண்டு வண்டியில் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவியைப் பின் சிறகின்கீழ் அமைத்தனர், கொள்ளளவு 3.3 லிட்டர், ஆற்றல் 300 குதிரைத்திறன் ஆயின. தடைகளோ 917 பந்தய வண்டியின் வழிவந்தவை. பற்சக்கரப் பெட்டியில் மட்டும் நான்கு நிலைகளே நீடித்தன. ஐந்தாம் நிலை 1989இல் வந்தது. அவ்வாண்டே அவ்வகை வண்டியின் உற்பத்தியும் நின்றது.