சவூதி அரேபியா: மாறும் நட்புகள், மாறும் சமயக் கொள்கை

புதுதில்லி: 2006 குடியரசு தின விழாவில் தலைமை விருந்தினராகப் பங்கேற்றவர் சவூதி மன்னர் அப்துல்லா. அப்போது கையெழுத்தான தில்லிப் பிரகடனமும் 2010ஆம் ஆண்டின் ரியாத் பிரகடனமும், எண்ணெய் வணிகம், ஹஜ் பயணம் என்ற அளவில் நின்ற இருதரப்பு உறவைப் பாதுகாப்புத் துறைக்கும் விரித்தன.

சவூதியில் சமயக் காவலர்களின் கைது அதிகாரம் 2016இல் பறிக்கப்பட்டது. 2018இல் திரையரங்குகள் மீண்டும் திறந்தன. பெண்கள் வாகனம் ஓட்டும் உரிமையும் பெற்றனர். அவ்வுரிமைக்காகப் போராடிய பெண்கள் சிலரோ அதே ஆண்டில் கைதாயினர். அரண்மனை அளித்த சீர்திருத்தம் இது. கேட்டுப் பெற்றதாக அறியப்படுவதை அரண்மனை விரும்பவில்லை.

மெக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக முஸ்லிம் லீக், நெடுங்காலம் கடும் சமயப்போக்கைப் பரப்பிய அமைப்பு. அதன் பொதுச் செயலாளரும் சவூதியின் முன்னாள் நீதித்துறை அமைச்சருமான முகமது அல்-இஸா, 2023 ஜூலையில் தில்லியில் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவலுடன் ஒரே மேடையில் நல்லிணக்கம் பேசினார்.

அவ்வாண்டு மார்ச்சில்தான் சீனாவின் முயற்சியால் ஈரானுடன் ரியாத் சமரசம் கண்டிருந்தது.

2025 ஏப்ரல் 22 அன்று பிரதமர் மோடி ஜெட்டாவில் இருந்தபோது பஹல்காம் தாக்குதல் நிகழ்ந்தது. ஐந்தே மாதங்களில், செப்டம்பர் 17 அன்று, பாகிஸ்தானுடன் சவூதி பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது. ஒரு நாட்டின் மீதான தாக்குதல் இரு நாடுகள் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்கிறது அது. அதன் விளைவுகளை ஆராய்வதாக வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. சவூதியில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்கின்றனர்.