தனியார் பித்தர் விடுதிகள்: சென்னை காட்டும் வரலாறு

ஜொகூரில் ஒருவனை ஏளனம் செய்ய வேண்டுமானால் தம்போய்க்கு அனுப்ப வேண்டும் என்பர். பேராவில் தஞ்சோங் ரம்புத்தான், சென்னையில் கீழ்ப்பாக்கம். ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட இம்மூன்றும் அரசினர் மனநோய் மருத்துவமனைகளால் அந்நிலை எய்தியவை. தஞ்சோங் ரம்புத்தான் 1911இலும், ஸ்கூடாய்க்கு அணித்தாயுள்ள தம்போய் 1937இலும் திறக்கப்பெற்றன. ஆகவே மனநோய் மருத்துவம் தொடக்கந்தொட்டே அரசின் பணி என்று எண்ணுவார் பலர். சென்னையின் வரலாறோ வேறாகும்.

1794ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவர் வாலன்டைன் கொனோலி என்பார் புரசைவாக்கத்தில் பித்தர் விடுதி ஒன்றை நிறுவினார். அதில் 16 நோயாளர்க்கு இடமிருந்தது. கும்பினி அவருக்கு வாடகை செலுத்திற்று. மருத்துவரும் அவரே, வீட்டுக்காரரும் அவரே! நோயாளி விரைவில் குணமடைந்து வெளியேறுவது இத்தகைய ஏற்பாட்டில் யாருக்கு ஆதாயம் என்ற வினா எழாமற் போகாது. பின்னர் விடுதி கைமாறிற்று. 1807 அளவில் ஜேம்ஸ் டால்டன் அதனைப் புதுப்பிக்க, அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

கொனோலி புதுவழி எதனையும் கண்டவர் அல்லர். அக்கால இங்கிலாந்தில் பித்தர் விடுதி நடத்துவது ஊதியம் மிக்க வணிகம். சித்தம் தெளிந்தவரையும் உற்றாரே பணங்கொடுத்து அடைத்து வைப்பதாகக் குற்றச்சாட்டுகள் பெருகவே, 1774இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. விடுதிகள் உரிமம் பெறல் வேண்டும். ஆண்டுதோறும் பார்வையிடப்படல் வேண்டும். நல்ல சட்டந்தான், ஆனால் நோயாளரை இழிவாக நடத்தக் கண்டாலும் அதற்காக உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் பார்வையாளர்க்கு இல்லை! அச்சட்டமும் கடல்கடந்து சென்னைக்கு வரவில்லை.

1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசினர் விடுதி எழுந்தது. 1922இல் 'பித்தர் விடுதி' என்னும் பெயர் நீங்கி, அது மனநோய் மருத்துவமனை ஆயிற்று.

எனினும் தனியார் இல்லங்கள் மறையவில்லை. இந்தியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்து, அவற்றுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரை வைத்துப் பேணிய இல்லங்கள் பல இருந்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உரிமம் கேட்க வேண்டிய சட்டம் எட்டாண்டுகளாக நடைமுறையில் இருந்தது. கேட்பார்தாம் இல்லை.

இதனால் தனியார் பணி முழுவதும் தீது என்று துணிதல் தகாது. கீழ்ப்பாக்க மருத்துவமனையின் தலைமையில் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984இல் சென்னையில் நிறுவிய 'ஸ்கார்ப்' ஆதாயம் கருதா அமைப்பு. மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வுக்கென்றே எழுந்தது. அரசு மருத்துவமனையின் பெயரே வசையாகிவிட்ட இடத்தில், குடும்பத்தார் தனியாரை நாடுவதில் வியப்பும் இல்லை.

மலேசியாவின் மனநலச் சட்டம் இயற்றப்பெற்றதும் அதே 2001இல்தான். 2010இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் மனநோய் மருத்துவமனையும், மனநோயாளர் பேணும் இல்லமும் உரிமமின்றி நடத்தல் அதன்படி குற்றமாகும். தோட்டத்துப் பெற்றோர் யோசனை கேட்டு வரும்போது, கட்டணத்தை விசாரிக்கும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்றே நான் கூறிவருகிறேன்.