எண்பது எழுத்துச் சண்டை

நம் கம்ப்யூட்டர் லேபில், அடைப்புக்குறியை அதே வரியில் போடுவதா, அடுத்த வரியிலா என்று சண்டை தொடங்கி ஹாஸ்டல் மெஸ் வரை நீளுமே, நினைவிருக்கிறதா நண்பர்களே? அது நம்மோடு பிறந்த சண்டை அல்ல.

1928-இல் ஐ.பி.எம். தன் துளை அட்டையில் 80 எழுத்துக்கு இடம் வைத்தது. அட்டை போயிற்று, 80 மட்டும் திரையில் வந்து ஒட்டிக்கொண்டது! லினக்ஸ் கெர்னலில் வரி 80-ஐத் தாண்டினால் வரும் எச்சரிக்கை, 2020-இல்தான் 100-க்குத் தளர்ந்தது. அதே கெர்னலுக்கு டோர்வால்ட்ஸ் வைத்த விதி, உள்தள்ளல் 8 எழுத்து. மூன்று அடுக்குக்கு மேல் போனால் புரோகிராமிலேயே கோளாறு என்கிறார் மனுஷன். குனு அமைப்பின் விதிகளை அச்செடுத்துக் கொளுத்தச் சொல்லிக் கிண்டல் வேறு.

என் முதல் வேலையில் சீனியர் டேப் போடுவார், நான் ஸ்பேஸ். ஒருநாள் அவருடைய ஃபைலை முழுக்க 'அழகுபடுத்தி' அனுப்பினேன். நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டியது. நடுவே நான் தவறுதலாக அழித்த ஒரே வரி எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. வாடிக்கையாளர் கண்ணில் பட்டது. சீனியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

2009-இல் வெளிவந்த 'கோ' மொழியோடு, எல்லார் நிரலையும் ஒரே மாதிரி அடுக்கிவிடும் கருவியும் கூடவே வந்தது. இப்போது எங்கள் டீமிலும் அப்படியொன்றுதான். அடைப்புக்குறியை எனக்குப் பிடிக்காத இடத்தில்தான் வைக்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.